நோட்டுப் புத்தகமா, கணினியா? வேலைகளையும் யோசனைகளையும் எழுதி வைப்பது பற்றி ஓர் எளிய விளக்கம்

"கணினிக்கு மாறிய பிறகுதான் எல்லாம் ஒழுங்குக்கு வந்தது" என்று ஒருவர் சொல்வார். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அவர் கையில் புதிய நோட்டுப் புத்தகம் இருக்கும். "எனக்குக் காகிதம்தான் ஒத்துவருகிறது" என்பார். இன்னொருவர் இதற்கு நேரெதிர்த் திசையில் போய்க்கொண்டிருப்பார். வேலைகளையும் யோசனைகளையும் எங்கே எழுதி வைப்பது என்ற பேச்சு பெரும்பாலும் இந்தச் சுழலிலேயே நடக்கிறது. காகிதம் மனத்துக்கு நெருக்கமானது, கணினி வேகமானது என்று குணம் சொல்கிறோமே தவிர, இரண்டும் உள்ளே எப்படி வேலை செய்கின்றன என்று பார்ப்பதில்லை.

நானும் பல ஆண்டுகள் இங்கும் அங்குமாக அலைந்தவன். ஒவ்வொரு முறை மாறும்போதும் பழைய முறையில் நன்றாக நடந்துகொண்டிருந்த ஏதோ ஒன்று நின்றுபோகும். எது நின்றது என்று தெரியாமல் புதிய முறையைக் குறை சொல்வேன். மெல்ல மெல்லத்தான் விளங்கியது: 'ஒழுங்கு' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு வேலைகளை அடைத்து வைத்திருக்கிறோம். ஒன்று, நினைவூட்டுவது. இன்னொன்று, கேட்டபோது தேடித் தருவது. இவற்றைப் பிரித்துப் பார்த்துவிட்டால் குழப்பத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

## குடையும் சாவியும்

மழைக்காலத்தில் குடையை மறக்கக் கூடாது என்றால் இரவே அதை வாசற்கதவின் கைப்பிடியில் மாட்டிவிடுகிறோம். காலையில் கதவைத் திறக்கப் போகும் கையில் அது தட்டுப்படும். குடையைப் பற்றி நாம் யோசித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. அதுவே வழியில் வந்து நிற்கிறது. பழைய பெட்டியின் சாவி வேறு வகை. அது அலமாரியில் ஒரு டப்பாவுக்குள் கிடக்கிறது. எப்போதாவது பெட்டியைத் திறக்க நினைக்கும்போது நாமே போய் எடுத்துக்கொள்கிறோம். மற்ற நாட்களில் அது கண்ணில் படாமல் இருப்பதே நல்லது.

இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். அலமாரிக்குள் போன குடை மிகப் பத்திரமாக இருக்கும். நாம் நனைந்துகொண்டு போவோம். வீட்டிலுள்ள எல்லாச் சாவிகளையும் கதவில் தொங்கவிட்டால் நான்கு நாளில் கண் பழகிவிடும். குடையும் அந்தக் கூட்டத்தில் மறைந்துபோகும்.

நாம் எழுதி வைக்கும் ஏறக்குறைய எல்லாக் குறிப்பும் இந்த இரண்டில் ஒன்றுதான். 'வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கையை அனுப்ப வேண்டும்' என்பது குடை. 'அச்சுப்பொறியில் தாள் சிக்கினால் பின்பக்க மூடியைத் திறந்து எடுக்க வேண்டும்' என்பது சாவி. முதலாவது தானாகக் கண்முன் வர வேண்டும். இரண்டாவது, தேடினால் கிடைக்க வேண்டும். காகிதம் தன் இயல்பிலேயே குடை வேலைக்குப் பொருந்துகிறது. கணினி சாவி வேலைக்குப் பொருந்துகிறது. ஏன் அப்படி, எந்த இடத்தில் இது பொய்த்துப்போகிறது என்பதை இனிப் பார்ப்போம்.

## தலைக்குள் எவ்வளவு இடம்?

எழுதியே ஆக வேண்டுமா என்பதுதான் முதல் கேள்வி. ஒரு தொலைபேசி எண்ணைக் கேட்டு, அழுத்தி முடிக்கும்வரை மனத்தில் பிடித்துக்கொள்கிறோமே, அந்தக் குறுகிய நேரப் பிடிப்புக்குப் பணிநினைவு என்று பெயர். 1956-இல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் எழுதிய ஒரு கட்டுரைக்குப் பிறகு, அதில் ஏழு விஷயங்கள் வரை நிற்கும் என்ற எண்ணம் பரவியது. 2001-இல் நெல்சன் கோவன் அதுவரை வந்த சோதனைகளை அலசி, சுமார் நான்குதான் என்று வாதிட்டார். நான்கோ ஏழோ, ஒரு சாதாரண நாளின் பொறுப்புகள் அதற்குள் அடங்காது.

இன்னொரு ஆய்வு எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. 2011-இல் மாசிகாம்போ, பௌமெய்ஸ்டர் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்டது அது. முடியாமல் கிடக்கும் ஒரு வேலை மனத்தில் இருக்கும்போது, சம்பந்தமில்லாத வேறொன்றைச் செய்கையில் கவனம் சிதறுவதை அவர்கள் கண்டார்கள். அந்த வேலையை எப்போது, எப்படிச் செய்வது என்று திட்டவட்டமாகத் திட்டம் போட்டவர்களிடம் இந்தத் தொல்லை நீங்கியது. வேலை முடியவில்லை, அப்படியேதான் பாக்கி நின்றது. ஆனாலும் மனம் அதை விட்டுவிட்டது.

எழுதி வைத்தால் பாரம் இறங்குகிறது என்று நாம் சொல்வதன் பொருள் இதுதான். 'அறிக்கை' என்று ஒரு சொல்லை மட்டும் எழுதினால் பாரம் இறங்காது; 'வியாழன் காலை முதல் வேலையாக அறிக்கையின் கணக்குப் பகுதியைச் சரிபார்க்க வேண்டும்' என்று எழுதினால் இறங்கும். எழுதிய இடத்தை மறுபடி பார்ப்போம் என்ற நம்பிக்கையும் வேண்டும் என்பது என் அனுபவம். திறந்து பார்க்காத நோட்டில் எழுதியதை மனம் எழுதியதாகவே கணக்கில் எடுப்பதில்லை. இப்படித் தலைக்கு வெளியே, நம்பி ஒப்படைக்கும் இடத்துக்குப் புறநினைவு என்று பெயர் வைத்துக்கொள்வோம். நோட்டும் புறநினைவுதான், கணினியும் புறநினைவுதான்.

## காகிதம் இடத்தால் பேசுகிறது

ஒரு குறிப்பைத் தேடும்போது, 'இடப்பக்கத்தில், கீழே, நீல மையில், ஓரத்தில் ஓர் அம்புக்குறியோடு இருந்தது' என்று நினைவு வருகிறதல்லவா? என்ன எழுதினோம் என்பது மறந்திருக்கும், எங்கே எழுதினோம் என்பது மறந்திருக்காது. காகிதத்தில் ஒவ்வொன்றுக்கும் உலகில் ஒரே ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்தை நாம் பார்க்காதபோதும் அது அங்கேயே இருக்கிறது. மேசைமேல் கிடக்கும் தாளை யாரும் 'திறக்க' வேண்டியதில்லை.

இதன் வலிமையை விமானக் கட்டுப்பாட்டு அறைகளில் பார்க்கலாம். அங்கே நீண்ட காலமாக ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு சிறு காகிதப் பட்டை உண்டு. விமானத்தின் எண், உயரம், பாதை எல்லாம் அதில் இருக்கும். அதை ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் செருகிப் பலகையில் வரிசையாக அடுக்குவார்கள். உயரத்தை மாற்றச் சொன்னால் பழைய எண்ணை அடித்துப் புதியதைப் பேனாவால் எழுதுவார்கள். இரண்டு விமானங்கள் நெருங்கக்கூடும் என்று தோன்றினால் அந்தப் பட்டைகளை வரிசையிலிருந்து சற்று வெளியே இழுத்து வைப்பார்கள். துருத்திக்கொண்டிருக்கும் அந்தப் பட்டை, பிரச்சினை தீரும்வரை கண்ணை விடாது. பாரிசுக்கு அருகிலுள்ள ஒரு மையத்தில் இதை நெருக்கமாக ஆராய்ந்த வெண்டி மக்கே 1999-இல் வெளியிட்ட ஆய்வில், திரைக்கு மாற்றும்போது இந்தச் சிறு அசைவுகள் காணாமல்போகும் அபாயத்தை விளக்கினார். பட்டையைக் கையால் நகர்த்துவதே நினைவில் பதிய உதவுகிறது. பக்கத்து இருக்கைக்காரரும் ஒரு பார்வையில் நிலைமையைப் புரிந்துகொள்கிறார். இதற்குள் பல மையங்கள் திரைக்கு மாறிவிட்டன. ஆனால் பட்டை என்ற வடிவத்தையும், அதை நகர்த்திக் குறிப்பு வைக்கும் வசதியையும் திரையிலும் உருவாக்கித் தர வேண்டியிருந்தது.

காகிதத்துக்கு இன்னொரு குணம் உண்டு: அது தீர்ந்துபோகிறது. பக்கத்தில் இருபத்தைந்து வரிகள் என்றால் இருபத்தாறாவது வேலைக்கு இடமில்லை. இதைக் குறையாகத்தான் முதலில் நினைக்கத் தோன்றும். டொயோட்டா தொழிற்சாலைகளில் தாய்ச்சி ஓனோ வளர்த்தெடுத்த கான்பான் முறை இந்தக் குறையையே கருவியாக்கியது. கான்பான் என்பது பாகங்களோடு சேர்ந்து போகும் ஓர் அட்டை. அட்டை இல்லாமல் எதையும் உருவாக்கக் கூடாது. அட்டைகளின் எண்ணிக்கைக்கு ஓர் அளவு உண்டு. ஆகவே பாதியில் நிற்கும் வேலை ஓர் அளவைத் தாண்டிக் குவியவே முடியாது.

வீட்டு நோட்டிலும் இது நடக்கிறது. என் நோட்டில் ஒவ்வொரு வாரமும் புதிய பக்கம் திறக்கிறேன். முடியாமல் நின்ற வேலைகளைப் பழைய பக்கத்திலிருந்து புதிய பக்கத்துக்குக் கையால் எழுதி மாற்ற வேண்டும். முதல் வாரம் எழுதுவேன். இரண்டாம் வாரமும் எழுதுவேன். மூன்றாம் வாரம் அதே வரியை எழுதப் பேனாவை வைக்கும்போது கை நின்றுவிடும். 'பழைய புகைப்படங்களை வரிசைப்படுத்த வேண்டும்' என்று மூன்றாவது முறை எழுதுவதா? ஒன்று, அந்த நேரத்திலேயே அதற்கு ஒரு நாள் குறிப்பேன். அல்லது கோடு போட்டு அடித்துவிட்டு நிம்மதியாக அடுத்த வரிக்குப் போவேன். அந்த நிறுத்தத்தில்தான் உண்மையான முடிவு பிறக்கிறது. கணினிப் பட்டியலில் முடியாத வேலை எந்தச் சிரமமும் இல்லாமல் தானாகவே நாளைக்கு நகர்ந்துவிடுகிறது. முந்நூறு நாட்கள் நகர்ந்தாலும் யாருக்கும் கை வலிப்பதில்லை. என் பழைய செயலி ஒன்றில் அப்படி நாற்பதுக்கும் மேற்பட்ட வரிகள் ஊர்ந்துகொண்டிருந்ததை ஒருநாள் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. அவற்றில் இரண்டு, வேறு மனிதர்களுக்கு நான் கொடுத்த வாக்கு.

ஆனால் காகிதத்தில் தேடுவது கடினம். நோட்டு எழுதிய வரிசையில் நிற்கிறது. தேடல் பொருள் வரிசையில் வருகிறது. இந்தச் சிக்கல் மிகப் பழையது. தத்துவ அறிஞர் ஜான் லாக் தன் குறிப்பேடுகளுக்கு ஓர் அடைவு முறையைக் கண்டுபிடித்து 1686-இல் வெளியிட்டார். தலைப்புச் சொல்லின் முதல் எழுத்தையும் அதன் பின் வரும் முதல் உயிரெழுத்தையும் சேர்த்து, இரண்டே பக்கத்தில் நோட்டு முழுவதற்கும் வழிகாட்டி போடும் முறை அது. அடைவு என்பது எந்தப் பொருள் எந்தப் பக்கத்தில் என்று சொல்லும் பட்டியல். அந்த மனிதர் அவ்வளவு மெனக்கெட்டதிலிருந்தே நோட்டின் பலவீனம் எங்கே என்று தெரிகிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: காகிதம் கண்முன் நிற்கிறது, இடத்தால் நினைவூட்டுகிறது, அளவோடு நிறுத்துகிறது. ஒரு பொருளுக்கு ஒரே இடம் என்பதால் தேடுவதற்கு அது சோம்பேறி.

## கணினி முகவரியால் பேசுகிறது

1981-இல் வந்த ஜெராக்ஸ் ஸ்டார் கணினி, திரையை ஒரு மேசையாகவும் அதன்மேல் தாள்களும் கோப்புறைகளும் இருப்பதாகவும் காட்டியது. அலுவலகத்தில் இருப்பவர்கள் பயமில்லாமல் பழக வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. இன்றுவரை அந்தப் படம்தான் நம் திரைகளில் இருக்கிறது. அதோடு காகிதத்தின் ஒரு கட்டுப்பாடும் சேர்ந்து வந்துவிட்டது: ஒரு கோப்பு ஒரு கோப்புறையில்தான் இருக்கும் என்ற பழக்கம்.

கோப்புறைக்குள் கோப்புறை, அதற்குள் இன்னொன்று என்று மரக்கிளைபோல் பிரியும் அமைப்புக்கு அடுக்குமுறை என்று பெயர். ஒரு பயணத்தின் செலவுக் கணக்கை 'பயணம்' என்ற கோப்புறையில் வைப்பதா, 'கணக்கு' என்பதில் வைப்பதா? எங்கே வைத்தாலும் ஒருநாள் மற்றதில் போய்த் தேடுவோம். நூலகங்கள் இதை நம்மைவிட வெகுகாலம் முன்பே சந்தித்தன. 1933-இல் எஸ்.ஆர். ரங்கநாதன் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை இதற்குக் கொடுத்த விடை அழகானது. ஒரு நூலை ஒரே கிளையில் தொங்கவிடாமல், அதன் பொருளைப் பல முகங்களாகப் பிரித்து, அந்த முகங்களைச் சேர்த்து எண் கட்டினார். எதைப் பற்றியது, அதில் நடக்கும் செயல் எது, எந்த இடம், எந்தக் காலம் என்று ஒவ்வொன்றும் ஒரு முகம்.

கணினியில் நாம் இடும் குறிச்சொல் இதன் எளிய உறவினர். குறிச்சொல் என்பது குறிப்பின்மேல் ஒட்டும் பெயர்ச்சீட்டு. ஒன்றின்மேல் எத்தனை வேண்டுமானாலும் ஒட்டலாம். பயணச் செலவுக் கணக்கின்மேல் 'பயணம்', 'கணக்கு' இரண்டையும் ஒட்டினால் இரண்டு வழியிலும் வந்து சேரலாம். ஒரே பொருள், பல முகவரிகள். காகிதத்தால் எளிதில் செய்ய முடியாதது இது.

தேடல் இன்னும் ஒரு படி மேலே. பத்தாயிரம் குறிப்புகளில் ஒரு சொல்லைத் தேடினால் கணினி ஒவ்வொன்றையும் அந்த நேரத்தில் புரட்டிப் பார்ப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். பெரிய தேடல் அமைப்புகள் அப்படிச் செய்வதில்லை. நூலின் கடைசியில் இருக்கும் சொல்லடைவைப்போல, ஒவ்வொரு சொல்லுக்கும் அது வரும் குறிப்புகளின் பட்டியலை முன்கூட்டியே தயாரித்து வைத்திருக்கின்றன. 'அறிக்கை' என்று தட்டினால் அந்தச் சொல்லின் பட்டியலை நேராக எடுத்துத் தருகின்றன. 'அறிக்கை', 'கணக்கு' என்று இரண்டு சொல் கொடுத்தால் இரண்டு பட்டியலிலும் பொதுவாக இருப்பவை வருகின்றன. லாக் இரண்டு பக்கத்தில் செய்ததை இது எல்லாச் சொற்களுக்கும் செய்கிறது.

## தமிழில் தேடினால் கிடைக்காதது ஏன்?

இங்கே தமிழில் குறிப்பு எழுதுபவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. எளிய தேடல் எழுத்துகளை ஒப்பிடுகிறது, பொருளை அறியாது. 'மரம்' என்று தேடினால் 'மரத்தை', 'மரத்தின்' என்று எழுதிய வரிகள் வராது. ஏனென்றால் வேற்றுமை உருபு சேரும்போது சொல்லின் வடிவமே மாறிவிடுகிறது. 'வீடு' என்று தேடுபவருக்கு 'வீட்டில்' கிடைக்காது. 'ஆறு' என்று தேடுபவருக்கு 'ஆற்றங்கரை' கிடைக்காது. ஒட்டு ஏறினால் சொல் பெரிதும் மாறாத மொழிகளில் இந்தத் தொல்லை குறைவு. தமிழில் இது தினசரித் தொல்லை. தமிழின் சொல்வடிவங்களைப் பகுத்தறியும் தேடல்களும் உண்டு என்றாலும், நாம் அன்றாடம் பயன்படுத்தும் குறிப்புச் செயலி அதைச் செய்யும் என்று நம்பி இருக்க முடியாது.

எனக்கு இது நன்றாகவே உறைத்திருக்கிறது. ஒரு கடிதத்தின் விவரங்களைக் குறிப்பில் எழுதி வைத்தேன்; அவசரமாகத் தேவைப்பட்ட நாளில் 'காப்பீடு' என்று தேடினேன். ஒன்றும் இல்லை. எழுதவே இல்லை போலிருக்கிறது என்று நினைத்து அரைநாள் செலவழித்து எல்லாவற்றையும் மறுபடி திரட்டினேன். அடுத்த வாரம் வேறு ஏதோ தேடும்போது அந்தக் குறிப்பு கண்ணில் பட்டது. நான் எழுதியிருந்தது 'இன்சூரன்ஸ்'. இன்னொரு வரியில் 'காப்பீட்டுத் தொகை'. இரண்டுமே 'காப்பீடு' என்ற தேடலுக்குச் சிக்காதவை.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். குறிப்பின் முதல் வரியில், அதை எதிர்காலத்தில் எந்தச் சொற்களைக் கொண்டு தேடுவேன் என்று யோசித்து, அவற்றை உருபு சேர்க்காமல் எழுதுகிறேன்: 'காப்பீடு, இன்சூரன்ஸ், கடிதம், புதுப்பித்தல்'. பத்து நொடி வேலை. இன்னொன்று: யூனிகோடு (எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான கணினிக் குறியீட்டு முறை) பரவலாவதற்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பழைய தமிழ்க் கோப்புகள் இருந்தால், அவை தேடலில் வரவே வராது. அவற்றை யூனிகோடுக்கு மாற்றித் தரும் மென்பொருள்கள் இருக்கின்றன. கோப்பு திறக்கும் நிலையில் இருக்கும்போதே மாற்றிவிடுவது நல்லது.

## மூடிய கோப்பு கூப்பிடுவதில்லை

கணினி எவ்வளவு நன்றாகத் தேடித் தந்தாலும், தேட வேண்டும் என்று முதலில் நமக்குத் தோன்ற வேண்டும். மறந்துபோன ஒன்றை யாரும் தேடுவதில்லை. கணினியில் எழுதி வைத்த வேலைகள் 'காணாமல்போவது' இப்படித்தான். அவை எங்கும் போகவில்லை, திரைக்குப் பின்னால் பத்திரமாக இருக்கின்றன. டப்பாவுக்குள் போன குடை.

'அதற்குத்தான் நினைவூட்டல் மணி இருக்கிறதே' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மணி காலத்தைக் கொண்டு நினைவூட்டுகிறது. 'மாலை 4 மணிக்குத் தொலைபேசியில் அழைக்க வேண்டும்' என்பதற்கு அதைவிடச் சிறந்தது வேறில்லை. காகிதம் இதில் கணினியின் அருகில்கூட வர முடியாது. ஆனால் நம் வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு மணிக்கணக்கு இல்லை. 'அந்த யோசனையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சிந்திக்க வேண்டும்' என்பதற்கு எத்தனை மணிக்கு ஒலிக்க வைப்பது? பொய்யாக ஒரு நேரம் கொடுத்தால், அது ஒலிக்கும்போது நாம் வேறு வேலையில் இருப்போம். விரல் தானாகத் தள்ளிவிடும். தள்ளிப் பழகிய விரல், உண்மையான மணியையும் ஒருநாள் தள்ளிவிடும்.

கணினியைப் பற்றிய பகுதியின் சாரம்: ஒரு பொருளுக்குப் பல முகவரிகள் தருகிறது, கேட்டால் நொடியில் தருகிறது, குறித்த நேரத்தில் மணி அடிக்கிறது. கேட்காதவரைக்கும் மற்றவை எல்லாம் கண்ணுக்கு மறைவில் இருக்கின்றன.

## யோசனைகளுக்கு ஓர் அட்டைப்பெட்டி

வேலைப்பட்டியல் ஒரு பக்கம். யோசனைகளைச் சேர்த்து வைப்பது இன்னொரு பக்கம். இங்கே காகிதமே கணினியின் வேலையைச் செய்த கதை ஒன்று உண்டு.

தாளைத் துண்டுகளாக்கி அடுக்கும் யோசனை பழையது. 1548-இலேயே சுவிட்சர்லாந்து அறிஞர் கான்ராட் கெஸ்னர், குறிப்புகளைத் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதி, கத்தரித்து, துண்டுகளை வேண்டியபடி மாற்றி அடுக்கும்படி எழுதினார். நோட்டில் கட்டுண்ட வரிசை அப்போதே உடைந்துவிட்டது. நூலக அட்டைப் பட்டியல்கள் பின்னால் இதே வழியில் வந்தவை.

20ஆம் நூற்றாண்டில் இதை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் ஜெர்மானியச் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன். 1950களில் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சுமார் 90,000 அட்டைகளை எழுதிச் சேர்த்தார். 50-க்கும் மேற்பட்ட நூல்களை எழுதினார். அவருடைய தந்திரம் எண்ணிடுவதில் இருந்தது. அட்டைகளைத் தலைப்புவாரியாகப் பிரிக்கவில்லை. 21 என்ற அட்டைக்குப் பின் 22 வரும். பின்னொரு நாளில் 21-ஐப் பற்றிப் புதிதாக ஒன்று தோன்றினால் அது 21அ என்று இடையில் செருகப்படும். அதற்கும் ஒரு கிளை முளைத்தால் 21அ1. (அவர் ரோமன் எழுத்துகளைப் பயன்படுத்தினார்.) ஓர் அட்டையின் எண் ஒருபோதும் மாறாது, ஆகவே எந்த அட்டையிலும் வேறோர் அட்டையின் எண்ணை எழுதி வழிகாட்டலாம். அந்த எண்தான் முகவரி. இப்படி ஒரு குறிப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழிக்கு இணைப்பு என்று பெயர்.

1945-இல் அமெரிக்கப் பொறியாளர் வானிவர் புஷ், ஆவணங்களைத் தடம்போல் பிணைத்து வைக்கும் 'மெமெக்ஸ்' என்ற இயந்திரத்தைக் கற்பனை செய்து எழுதினார். 1965-இல் டெட் நெல்சன் அத்தகைய பிணைந்த எழுத்துக்கு ஹைப்பர்டெக்ஸ்ட் என்று பெயரிட்டார். இன்று ஒரு சொல்லைச் சொடுக்கினால் வேறொரு பக்கம் திறப்பது அந்த வழியில் வந்தது. லூமன் அதை மரப்பெட்டியில் செய்துகொண்டிருந்தார்.

இந்தக் கதை இப்போது பரவலாகத் தவறாகச் சொல்லப்படுகிறது என்பதுதான் என் ஆதங்கம். இணைப்புப் போடும் செயலியை நிறுவிவிட்டால் லூமனைப்போல் எழுதலாம் என்று நம்புகிறார்கள். நாள் முழுவதும் படித்ததை எல்லாம் வெட்டி ஒட்டி உள்ளே தள்ளுகிறார்கள். லூமன் வெட்டி ஒட்டவில்லை. ஒவ்வோர் அட்டையையும் தன் சொற்களில் எழுதினார். எழுதியதும், 'இது எந்த அட்டையின் பின்னால் போக வேண்டும்?' என்று பெட்டியைப் புரட்டினார். அந்தப் புரட்டலில் பழைய அட்டைகள் கையில் தட்டுப்பட்டன. சிந்தனை அங்கேதான் நடந்தது. செயலி அந்தப் புரட்டலை நீக்கிவிட்டு, சேமிப்பை மட்டும் தந்தால் குவியல்தான் மிஞ்சும்.

## கையால் எழுதினால் நன்றாக நினைவிருக்குமா?

இந்தக் கேள்விக்கு எல்லோரும் 'ஆம், ஆராய்ச்சி சொல்கிறது' என்கிறார்கள். அவர்கள் குறிப்பிடுவது பெரும்பாலும் 2014-இல் முல்லர், ஓப்பன்ஹைமர் வெளியிட்ட ஆய்வை. மடிக்கணினியில் குறிப்பெடுத்த மாணவர்கள் விரிவுரையைச் சொல்லுக்குச் சொல் பதிந்தார்கள். கருத்தைச் சோதிக்கும் கேள்விகளில் கையால் எழுதியவர்களைவிடப் பின்தங்கினார்கள். ஆனால் 2021-இல் வேறொரு குழு அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது முதல் பாதி மட்டும் உறுதியானது: தட்டச்சு செய்பவர்கள் சொல்லுக்குச் சொல் எழுதுகிறார்கள் என்பது உண்மை, மதிப்பெண் வேறுபாடு கிடைக்கவில்லை. ஆகவே பேனாவுக்கு மந்திரசக்தி எதுவும் இல்லை. கை மெதுவாக ஓடுவதால் எதை விடுவது என்று தேர்ந்தெடுக்கும் கட்டாயம் வருகிறது. அந்தத் தேர்வைத் தட்டச்சிலும் செய்யலாம். செய்ய நினைவிருக்க வேண்டும்.

## எது நெடுநாள் நிற்கும்?

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இங்கிலாந்தில் 1086-இல் நிலக்கணக்கெடுத்துத் தோல்தாளில் எழுதிய டூம்ஸ்டே ஏடு இன்றும் படிக்கும் நிலையில் இருக்கிறது. அதன் 900ஆம் ஆண்டை ஒட்டி 1986-இல் பிபிசி அதே பெயரில் ஒரு மின்பதிவைத் தயாரித்து லேசர் வட்டுகளில் வெளியிட்டது. பதினைந்து ஆண்டுகளுக்குள் அந்த வட்டுகளை ஓட்டும் கருவிகள் அரிதாகி, தனி முயற்சி எடுத்து மீட்க வேண்டியதாயிற்று. காகிதத்துக்கும் நெருப்பு, நீர், கரையான் உண்டு. ஒரே பிரதி என்பதால் போனால் போனதுதான். கணினிக் குறிப்புக்கு எத்தனை பிரதியும் எடுக்கலாம். ஆனால் அந்தச் செயலி நின்றுபோனால் எல்லாப் பிரதியும் ஒன்றாகப் பேச்சிழக்கும். எந்த மென்பொருளிலும் திறக்கும் எளிய உரைக்கோப்பாக வெளியே எடுக்க முடியாத செயலியில் பத்தாண்டுக் குறிப்புகளை வைக்க வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்வேன்.

## இரண்டையும் சேர்த்து வைக்கும் முறை

வணிகர்கள் இந்தச் சிக்கலை ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே தீர்த்துவிட்டார்கள். 1494-இல் வெனிஸ் நகரில் அச்சான தன் கணித நூலில் லூக்கா பச்சோலி மூன்று ஏடுகளை விவரிக்கிறார். நடப்பதை நடந்த வரிசையில் அவசரமாகக் கிறுக்கும் ஏடு ஒன்று. அதைச் சீராக்கி எழுதும் நாளேடு ஒன்று. ஒவ்வொரு கணக்குக்கும் தனிப்பக்கம் உள்ள பேரேடு ஒன்று. வருவதைப் பிடிப்பது ஓர் இடம், தேடி எடுப்பது இன்னோர் இடம். இரண்டுக்கும் நடுவே ஒரு மனிதர் உட்கார்ந்து எடுத்தெழுதுகிறார்.

நானும் இப்போது இதையே செய்கிறேன். பகலில் எல்லாம் நோட்டில் விழுகின்றன: வேலை, யோசனை, யாரோ சொன்ன ஒரு வாக்கியம். இந்த வாரத்தின் வேலைப்பட்டியல் நோட்டிலேயே திறந்தபடி மேசைமேல் கிடக்கிறது. நேரம் குறித்தவை கணினியின் நாட்காட்டிக்குப் போகின்றன. பின்னால் தேட வேண்டியவை, உருபில்லாத முதல் வரியோடு, கணினிக் குறிப்பாகின்றன. வாரத்துக்கு ஒருமுறை அரைமணி நேரம் உட்கார்ந்து இந்தப் பிரிப்பைச் செய்கிறேன். இதற்கு மீள்பார்வை என்று பெயர். என்ன கருவி வைத்திருந்தாலும் இதை விட்டுவிட்டால் மூன்றே வாரத்தில் முறை சரிந்துவிடுகிறது; எனக்கு இது பலமுறை நடந்திருக்கிறது.

கவனம் வேண்டிய இடம் ஒன்று. ஒரே வேலைப்பட்டியலை நோட்டிலும் கணினியிலும் வைத்துக்கொள்ளக் கூடாது. ஒன்றில் அடித்தது மற்றதில் உயிரோடு இருக்கும். எதை நம்புவது என்று தெரியாமல் கடைசியில் இரண்டையும் பார்ப்பதை நிறுத்திவிடுவோம். ஒவ்வொரு வகைக் குறிப்புக்கும் எது மூலப்பிரதி என்று முடிவு செய்துவிட வேண்டும். மூலப்பிரதி என்றால், முரண்பட்டால் அதில் இருப்பதே சரி என்று ஏற்கும் பிரதி.

புதிதாகத் தொடங்குபவர்கள், பழைய நோட்டுகளை எல்லாம் கணினியில் ஏற்ற வேண்டும் என்று பயப்படுகிறார்கள். தேவையில்லை. நான் என் நோட்டுகளின் முதுகில் எண் மட்டும் எழுதினேன். ஓய்வு கிடைக்கும்போது ஒரு நோட்டைப் புரட்டி, முக்கியமான பக்கங்களுக்கு மட்டும் கணினியில் ஒரு வரி சேர்க்கிறேன். போன மாதம் பழைய உரையாடல் ஒன்றின் குறிப்பு வேண்டியிருந்தது. 'நூலகம்' என்று தட்டினேன். 'நூலகம், அட்டை, உரையாடல்: நோட்டு 14, பக்கம் 62' என்று வந்தது. எழுந்துபோய் அலமாரியிலிருந்து பதினான்காம் நோட்டை எடுத்தேன். இடப்பக்கத்தில், கீழே, நீல மையில் இருந்தது.